ஒற்றைக் கருவியில் நிற்கும் நிறுவனம்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சியில் பொருத்தியோ கையில் பிடித்தோ விளையாடும் வீடியோ கேம் கருவியைக் கன்சோல் என்கிறோம். அந்தத் தொழிலில் இன்று உலகளவில் முன்னிற்பவை மூன்று நிறுவனங்கள்: ஜப்பானின் சோனி, அமெரிக்காவின் மைக்ரோசாப்ட், ஜப்பானின் கியோட்டோ நகரைச் சேர்ந்த நிண்டெண்டோ. சோனிக்கு இசையும் திரைப்படமும் கேமராக்களும் உண்டு. மைக்ரோசாப்டுக்கு விண்டோஸ் உண்டு, நிறுவனங்களுக்கான கணினிச் சேவைகள் உண்டு. கன்சோலில் ஒருமுறை சறுக்கினாலும் அவ்விரண்டின் வீட்டிலும் அடுப்பு அணையாது. நிண்டெண்டோவின் நிலை வேறு. அதன் வருவாயின் மிகப் பெரும்பகுதி, தான் விற்கும் கருவியிலிருந்தும் அதில் ஓடும் விளையாட்டுகளிலிருந்தும்தான் வருகிறது. இந்த நிறுவனத்தை உயர்த்தியதும் வீழ்த்தியதும் ஒரே முடிவுதான் என்பது என் கருத்து. கருவியையும் அதற்கான விளையாட்டையும் ஒரே கூரையின்கீழ் தானே செய்வது என்பதே அந்த முடிவு.

1889ஆம் ஆண்டில் புசாஜிரோ யமவுச்சி என்பவர் ‘ஹனாபுடா’ என்னும் பூச்சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கிய கடைதான் நிண்டெண்டோ. அவருடைய கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி 1949 முதல் 2002 வரை தலைவராக இருந்தார். சீட்டுக் கம்பெனி பொம்மைக் கம்பெனியாகி, பின்னர் மின்னணு விளையாட்டுக் கம்பெனியாக மாறியது அவர் காலத்தில்தான். 1983 ஜூலையில் 14,800 யென் விலையில் ஃபாமிகாம் என்ற கருவி ஜப்பானில் வெளிவந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்துகொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் அங்கே பெயர்பெற்றிருந்த அட்டாரி என்ற கன்சோலுக்கு விளையாட்டு செய்து விற்கலாம் என்ற நிலையில், தரமற்ற சரக்கு கடைகளில் குவிந்து, வாங்குவோர் நம்பிக்கை இழந்திருந்தார்கள். நிண்டெண்டோ இதிலிருந்து கற்ற பாடம் கடுமையானது. 1985இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது, அனுமதி பெறாத கார்ட்ரிட்ஜ், அதாவது விளையாட்டைப் பதித்துக் கருவியில் செருகும் பெட்டி, ஓடாதபடி கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை (சிப்பை) வைத்தது. வெளி நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடக்கூடாது, கார்ட்ரிட்ஜுகளை நிண்டெண்டோவிடமே செய்து வாங்கவேண்டும், அதற்கான பணத்தை முன்னதாகவே கட்டவேண்டும் என்று விதித்தது. அந்தக் கருவி உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது. கன்சோல் தொழிலின் அடிப்படைக் கணக்கு, அதாவது கருவியின் சொந்தக்காரர் அதில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் பங்கு பெறுவது என்ற ஏற்பாடு, அன்று வலுப்பெற்றது. இன்றும் இத்தொழிலின் இலாபம் பெரிதும் அந்தப் பங்கில்தான் இருக்கிறது.

ஆனால் பூட்டுப் போட்டவர்மேல் பூட்டுக்குள் இருப்பவருக்கு அன்பு பிறப்பதில்லை. இதன் விளைவு பத்தாண்டுக்குள் தெரிந்தது. அடுத்த கருவியான சூப்பர் ஃபாமிகாமுக்கு ஒரு சிடி இணைப்புச் செய்ய நிண்டெண்டோ சோனியோடு கைகோத்திருந்தது. சிடி விளையாட்டுகளின் உரிமை சோனியின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய யமவுச்சி, 1991 கோடையில் சிகாகோ கண்காட்சியில், சோனி தன் திட்டத்தை அறிவித்த மறுநாளே, பிலிப்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்வதாக அறிவிக்கச் செய்தார். பலர் முன்னிலையில் கைவிடப்பட்ட சோனியில் கென் குட்டராகி என்ற பொறியாளர், நாமே ஒரு கருவி செய்வோம் என்று மேலிடத்தைச் சம்மதிக்க வைத்தார். 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் வெளிவந்தது. இந்தத் தொழிலின் வரலாற்றில் இதைவிட விலையுயர்ந்த பிழையை நான் அறியேன்.

நிண்டெண்டோ 1996இல் வெளியிட்ட நிண்டெண்டோ 64 கருவி இன்னமும் கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு சிடியில் சுமார் 650 மெகாபைட் அடங்கும். மிகப் பெரிய கார்ட்ரிட்ஜில் 64 மெகாபைட்தான் அடங்கும். சிடி அடிக்கச் செலவு குறைவு, விற்பதைப் பார்த்துச் சில நாட்களில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜுக்கோ முன்கூட்டியே பணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். விற்காமல் தேங்கினால் நட்டம் விளையாட்டு செய்தவர் தலையில். முக்கியமான ஜப்பானிய நிறுவனங்கள் சோனி பக்கம் நகர்ந்தன. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்க, நிண்டெண்டோ 64 ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சத்தில் நின்றது. 2001இல் வந்த கேம்கியூப் அதற்கும் கீழே, 2 கோடியே 17 லட்சத்தில் முடிந்தது. அதே ஆண்டில், நிண்டெண்டோவின் பழைய போட்டியாளரான சேகா கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது. நிண்டெண்டோவும் அந்த வழியே போகும் என்று பேசியவர்கள் பலர்.

போகாமல் காத்தது கையடக்கக் கருவி. 1989இல் வந்த கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய், பழகித் தேய்ந்து விலை மலிந்த தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத வழியில் பயன்படுத்தவேண்டும் என்ற கொள்கை உடையவர். வண்ணத் திரையுள்ள போட்டிக் கருவிகள் சில மணி நேரத்தில் பேட்டரியைத் தின்று தீர்க்க, மங்கிய பச்சைத் திரை கொண்ட கேம் பாய் அவற்றைவிடப் பல மணி நேரம் கூடுதலாக உழைத்தது. பின்வந்த வண்ணத் திரை வகையையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது. யோகோயின் கொள்கையை மற்றொரு தளத்தில் கைக்கொண்டவர் 2002இல் தலைவரான சதோரு இவாட்டா. விளையாட்டு நிரல் எழுதுவதில் கைதேர்ந்தவர் ஒரு பெருநிறுவனத்தின் தலைமைக்கு வந்தது அரிது. சோனியும் மைக்ரோசாப்டும் திரையின் கூர்மைக்கும் சில்லின் வேகத்துக்கும் போட்டியிட்டபோது, அவர் அந்தப் பந்தயத்திலிருந்தே விலகினார். சோனி 2006 நவம்பரில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 3 கருவியை 499, 599 டாலருக்கு விற்றும் ஒவ்வொன்றிலும் நட்டப்பட்டது. அதே மாதத்தில் அங்கே வந்த நிண்டெண்டோவின் வீ கருவி 249.99 டாலர்தான், கையை வீசி ஆடும் அந்தக் கருவியைப் பாட்டிகளும் எடுத்து ஆடினார்கள். அது 10 கோடியைத் தாண்டியது. இரட்டைத் திரை கொண்ட கையடக்கக் கருவியான டிஎஸ் 15 கோடியே 40 லட்சம் விற்றது.

பின்பு வந்தது வீழ்ச்சி. பாட்டிகளும் எப்போதாவது விளையாடுவோரும் ஸ்மார்ட்போனுக்குப் போய்விட்டார்கள். 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்த 3டிஎஸ் கருவியை, ஆறு மாதம் முடிவதற்குள் 15,000 யென்னாகக் குறைக்க நேர்ந்தது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் நட்டம் காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த வீ யூ புதிய கருவியா, பழைய கருவிக்கான துணைப்பொருளா என்று வாங்குவோருக்கே விளங்கவில்லை. அதன் ஆயுள் முழுவதும் விற்றது 1 கோடியே 35 லட்சம்தான். இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். ஆட்குறைப்பு செய்ய மறுத்தார். வேலை போகும் அச்சத்தோடு இருப்பவர்களால் நல்ல விளையாட்டு செய்ய முடியாது என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம். கடன் வாங்காமல் பல்லாண்டு சேர்த்த ரொக்கம் கையில் இருந்ததால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. ரொக்கத்தை முடக்கி வைத்திருப்பதாக முதலீட்டாளர்கள் குறைபடுவதுண்டு. ஒரே தொழிலை நம்பியுள்ள நிறுவனத்துக்கு அந்த ரொக்கம் விதைநெல் போன்றது என்று நான் கருதுகிறேன்.

அந்த இருண்ட ஆண்டுகளில் எடுத்த ஒரு முடிவைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அதுவரை வீட்டுக் கருவிக்கு ஒரு பிரிவும் கையடக்கக் கருவிக்கு ஒரு பிரிவும் தனித்தனியே இயங்கின. இரண்டுக்கும் வெவ்வேறு விளையாட்டுகளைச் செய்யவேண்டியிருந்தது. திரைகள் கூர்மையாகி, ஒரு விளையாட்டுக்கான உழைப்பு பெருகியபின், சொந்தக் கலைஞர்களால் இரண்டு அடுப்புகளுக்கும் விறகு போட முடியவில்லை. 2013இல் இரு பிரிவுகளும் இணைக்கப்பட்டன. அதன் பலன்தான் 2017 மார்ச் 3 அன்று வந்த ஸ்விட்ச்: வீட்டில் தொலைக்காட்சியோடும், வெளியில் கையோடும். இவாட்டா 2015இல் காலமாகியிருந்தார். அதன் வெற்றியை அவர் பார்க்கவில்லை. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. வீ யூவில் 80 லட்சத்துச் சொச்சமே விற்ற ஒரு மரியோ கார்ட் விளையாட்டு, ஸ்விட்சுக்கு மாற்றப்பட்டு 6 கோடிக்கு மேல் விற்றது. சரக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை ஏந்திய பாத்திரம்தான் சரியில்லை.

மரியோ, செல்டா, போக்கிமான் போன்ற முதன்மை விளையாட்டுகளுக்காக மக்கள் நிண்டெண்டோவின் கருவியை வாங்கியே ஆகவேண்டும். மைக்ரோசாப்ட் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. 2023இல் 68.7 பில்லியன் டாலர் மதிப்பில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தை வாங்கி முடித்த அந்நிறுவனம், தன் விளையாட்டுகள் சிலவற்றைப் போட்டியாளர்களின் கருவிகளிலும் விற்கிறது. நிண்டெண்டோ அதைச் செய்யத் தொடங்கும் நாளில் அதன் கருவியை வாங்கக் காரணமே இராது. ஸ்மார்ட்போனில் அது வெளியிட்டவை சிலவே. 2016இல் வந்த மரியோ விளையாட்டும் நிறுவனத்தின் எதிர்பார்ப்பை எட்டவில்லை. திரைப்படமும் ஒசாகாவில் தொடங்கிய கேளிக்கைப் பூங்காவும் மரியோவைப் புதிய பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கின்றன. ஆனால் அவை கருவிக்குத் துணையே, மாற்றல்ல.

2025 ஜூன் 5 அன்று வெளியான ஸ்விட்ச் 2, முதல் நான்கு நாட்களில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை 449.99 டாலர், முதல் ஸ்விட்ச் 299.99 டாலரில் தொடங்கியது. யென் மதிப்பு குறைந்திருந்த ஜப்பானில், ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் வகையைத் தனியே 49,980 யென்னுக்கு வெளியிட்டார்கள். மலிவான கருவி, யாரும் வாங்கலாம் என்ற யோகோயின் நிலத்திலிருந்து நிறுவனம் ஓரடி விலகி, சோனியின் நிலத்தை நெருங்குவதாக நான் பார்க்கிறேன். எனக்கு அது கவலை தருகிறது, ஏனெனில் பிள்ளைக்காக வாங்கும் பெற்றோருக்கு விலைதான் முதல் கேள்வி. ஆறுதல் தருவதும் ஒன்றுண்டு. பழைய ஸ்விட்சுக்கு வாங்கிய விளையாட்டுகளில் பெரும்பாலானவை புதிய கருவியிலும் ஓடுகின்றன. வாங்கியவரின் பயனர் கணக்கும் அதோடு கூடவே வருகிறது. வீயிலிருந்து வீ யூவுக்கு மாறியபோது தொலைந்துபோன வாடிக்கையாளரை இம்முறை கையோடு அழைத்துவர நிண்டெண்டோ முயல்கிறது.

நன்றி, வணக்கம்.