மைன்கிராஃப்டில் ஓர் ஆமைக் கரை: நாலு பேர், ஒரு கிராமம், விடியும் வரை காவல்

வணக்கம் மக்களே. மைன்கிராஃப்டை இன்றைக்கு வேறொரு நோக்கத்தோடு ஆடிப் பார்க்கலாம். டிராகனைத் தேடிப் போக வேண்டாம், வைரம் தோண்டிப் பெட்டியை நிறைக்கவும் வேண்டாம். ஒரு கடற்கரை, அதில் ஆமை முட்டை, அதற்குப் பக்கத்தில் நாமே கட்டுகிற ஒரு சின்ன கிராமம். முட்டை பொரிந்து குஞ்சு தண்ணீரில் இறங்கும் வரை காவல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இப்படி ஆடு என்று மைன்கிராஃப்ட் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் இதற்கு வேண்டிய எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கிறது.

திரையில்: மாலை வெளிச்சத்தில் கடற்கரை. பெரிய ஆமை ஒன்று மணலைத் தோண்டுகிறது.

நாங்கள் நாலு பேர் ஆடுகிறோம். நான் நாகர்கோவில், இரண்டு பேர் குளச்சல், ஒருத்தி மார்த்தாண்டம். அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே உலகத்துக்குள் சேர்ந்துகொள்கிறோம். நான் சொல்லும் விவரங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா பதிப்புக்கு உரியவை. போனில் பெட்ராக் ஆடுபவர்களுக்குச் சில எண்கள் மாறலாம், அடிப்படை ஒன்றுதான்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. பிளாக் எனப்படும் கனசதுரக் கட்டிகளைத் தோண்டி, அடுக்கி, கட்டி ஆடும் வீடியோ கேம் இது. ஸ்வீடனின் மொஜாங் நிறுவனம் உருவாக்கியது, 2011இல் முழுப் பதிப்பு வந்தது, 2014இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஆமைகள் வந்தது 2018 ஜூலையில், கடலையே புதிதாக மாற்றிய அப்டேட்டில்.

சரி, ஆமைக்கு வருவோம்.

ஒவ்வொரு ஆமைக்கும் சொந்தக் கரை ஒன்று உண்டு. அது பிறந்த இடத்தை ஆட்டம் நினைவில் வைத்திருக்கும். இரண்டு ஆமைகளுக்குக் கடற்புல் கொடுத்தால் இணை சேரும். கடற்புல்லைக் கையால் பிடுங்க முடியாது, கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். அதற்கு இரண்டு இரும்புக் கட்டி போதும். இணை சேர்ந்ததும் ஓர் ஆமை, நீங்கள் எங்கே வைத்துக் கடற்புல் கொடுத்திருந்தாலும், தன் கரையைத் தேடி நீந்திப் போய், மணலைத் தோண்டி, ஒன்று முதல் நான்கு முட்டை வரை இடும். மணலில் மட்டும்தான் இடும். கல்லிலோ புல்லிலோ இடாது. முட்டை பொரியவும் அடியில் மணல் இருக்க வேண்டும்.

இனிதான் சிக்கல். இந்த இடத்தை யோசித்து வடிவமைத்தவரை மனதாரப் பாராட்ட வேண்டும்.

முட்டை மூன்று படியாக நகரும். முதல் விரிசல், இரண்டாவது விரிசல், பிறகு பொரியும். பகலில் இந்த நகர்வு நடக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. இரவின் கடைசிப் பகுதியில், ஆட்டத்தின் கடிகாரப்படி அதிகாலை மூன்று மணி வாக்கில், சின்ன இடைவெளி ஒன்று வரும். நம் கணக்கில் முக்கால் நிமிடம்கூட இல்லை. முட்டை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விரியும். அந்த இரவில் அது தவறிப்போனால் மறு இரவு. சராசரியாக ஒரு முட்டை பொரிய நாலைந்து இரவு ஆகும். அதுவும் ஆட்டக்காரர் யாராவது அருகில் இருந்தால்தான். எல்லோரும் தூரத்துச் சுரங்கத்துக்குப் போய்விட்டால் கரையில் காலமே நகராது.

மைன்கிராஃப்டில் இரவு வந்தால் எல்லோரும் செய்வது என்ன? படுக்கையில் படுத்துத் தூங்கிவிடுவோம், உடனே விடிந்துவிடும். ஆனால் அப்படித் தூங்கினால் அந்த மூன்று மணி வாக்கு நேரத்தையே தாண்டிக் குதித்துவிடுகிறோம். முட்டை அப்படியே கிடக்கும். ஆக, முட்டை பொரிய வேண்டும் என்றால் விழித்திருக்க வேண்டும். விழித்திருந்தால் ஜாம்பிகள் வரும். ஜாம்பிகளுக்கோ ஆமை முட்டை என்றால் தனி வெறி. நம்மைத் துரத்துவதுபோல முட்டையையும் தேடிப் போய், மேலே ஏறிக் குதித்துக் குதித்து நொறுக்கும்.

தனியாக ஆடினால் திணறுவது இங்கேதான். அதுமட்டுமா, ஆட்டக் கணக்கில் மூன்று நாள், அதாவது நம் கணக்கில் ஒரு மணி நேரம், படுக்கையில் சாயாதவரைத் தேடி ஃபேன்டம் என்ற பறக்கும் பிசாசு வானத்திலிருந்து இறங்கித் தாக்க ஆரம்பிக்கும். நாலு பேர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். ஒருவர் படுக்கையில் சாய்ந்தாலே அவருடைய தூக்கக் கணக்கு மட்டும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மற்ற மூன்று பேர் விழித்திருப்பதால் இரவு தாவாது. ஒரே ஒரு எச்சரிக்கை: பல சர்வர்களில் ஒருவர் தூங்கினாலே விடியும்படி வைத்திருப்பார்கள். தூங்குவோர் சதவீதம் என்ற அமைப்பை 100இலேயே விடுங்கள், எல்லோரும் தூங்கினால்தான் விடியும். இல்லையென்றால் இந்த முறைக்காவலுக்கு அர்த்தமே இல்லை.

திரையில்: மேலிருந்து பார்க்கும் வரைபடம். கடல், மணல், உள்வேலி, வெளிவேலி, அதற்குப் பின்னால் வீடுகள்.

கிராமம் எதற்கு என்று கேட்கலாம். மூன்று காரணம் உண்டு. சோறு முதலாவது. காவல் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும், அதற்கு வயல் வேண்டும். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வில்லேஜர்களுக்கு, அதாவது ஆட்டமே இயக்கும் கிராமவாசிகளுக்கு, படுக்கை போட்டு, ஆளுக்கு மூன்று ரொட்டி கிடைக்கச் செய்தால் அவர்களே பெருகிக்கொள்வார்கள்.

இரண்டாவது காரணம் நூலகர். சில்க் டச் மந்திரம் ஏற்றிய கருவி இருந்தால் முட்டையை உடையாமல் எடுத்து வேறு இடத்து மணலில் வைக்கலாம். அந்த மந்திரப் புத்தகம் நூலக வில்லேஜரிடம் விற்பனைக்கு வர வாய்ப்பு உண்டு. கரை முழுக்க அங்கங்கே கிடக்கும் முட்டைகளை ஒரே வேலிக்குள் சேர்க்க இதுதான் வழி. நம் கடற்கரைகளில் பங்குனி ஆமைகளுக்கு (ஆலிவ் ரிட்லி) பொரிப்பகம் வைப்பதும் இதே முறையில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை தமிழ்நாட்டுக் கரைகளில் முட்டையிட வரும் ஆமைகள் ஒரு குழியில் சுமார் 100 முட்டை இடும். அதை நாயும் நரியும் தோண்டுவதற்கு முன் எடுத்து, வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் புதைத்து, தேதி எழுதிய குச்சி நட்டு வைப்பார்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், முட்டையைப் புரட்டவும் கூடாது. பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும். மைன்கிராஃப்டில் புரட்டக் கூடாது என்ற கவலை இல்லை. வேகமாக நடந்து போனால் போதும்.

மூன்றாவது காரணம் இரும்பு பூதம். நாலு இரும்பு பிளாக், அதாவது 36 இரும்புக் கட்டி, மேலே செதுக்கிய பூசணிக்காய் ஒன்று. ஜாம்பியைக் கண்டால் தூக்கி எறியும். ஆனால் அதை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஆமையையும் வௌவாலையும் தவிர எந்த உயிர் மேலே நடந்தாலும் முட்டை உடைய வாய்ப்பு உண்டு. பூதம் நடந்தாலும், வில்லேஜர் நடந்தாலும், நாம் நடந்தாலும் அப்படித்தான். அதனால் இரண்டு வேலி போடுங்கள். வெளிவேலிக்கும் உள்வேலிக்கும் நடுவில் பூதம், உள்வேலிக்குள் முட்டைகள் மட்டும். உள்ளே போகிறவர் குனிந்தே நடக்க வேண்டும். குனிந்து நடந்தால் முட்டை உடையாது. மேலிருந்து குதிக்கவே கூடாது, குதித்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் முட்டை போய்விடும்.

இப்போது ஓர் இரவை முழுதாகப் பார்ப்போம்.

திரையில்: இருட்டு. வேலி ஓரத்தில் டார்ச் வெளிச்சம். அலைச் சத்தம்.

பொழுது சாய்ந்ததும் மார்த்தாண்டத்துக்காரி உள்வேலிக்குள் குனிந்து நிற்கிறாள். முட்டைகளில் இரண்டாவது விரிசல் விழுந்திருக்கிறது, உற்றுப் பார்த்தால் ஓட்டில் கறுப்புக் கோடுகள் தெரியும். குளச்சல் தம்பி கடல் பக்கம். அவனுடைய அக்கா வயல் பக்கம். நான் படுக்கையில். பாதி இரவு வரைக்கும் சத்தம் இல்லை. பிறகு தம்பியின் குரல்: "எக்கா, தண்ணிக்குள்ள இருந்து ஒண்ணு ஏறி வருது. கையில சூலம் வச்சிருக்கு." அது டிரவுண்ட், நீருக்குள் வாழும் ஜாம்பி. இரவில் கரையேறும். சூலம் வைத்திருப்பது தூரத்திலிருந்தே எறியும். "நீ கேடயத்தப் பிடிச்சிட்டு அங்கயே நில்லு மக்கா, நான் வாறேன்" என்று அக்கா ஓடுகிறாள். அவள் விட்டுப்போன வயல் பக்கத்துக்கு நான் எழுந்து போகிறேன். உள்ளே நிற்பவள் மட்டும் அசையக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். யார் அடிபட்டாலும், செத்தே போனாலும், அவள் இடம் மாறமாட்டாள். நாங்கள் செத்தால் படுக்கையில் மறுபடி எழுந்து வருவோம். முட்டைக்கு அந்த வசதி கிடையாது.

மூன்று மணி வாக்கில் ஓட்டின் சத்தம் கேட்கும். மெல்லிய நொறுங்கல். கையளவு பச்சைக் குஞ்சுகள் மணலில் வந்துவிடும். இந்த நேரத்தில் வாசலைத் திறந்துவிடக் கூடாது. ஜாம்பி, ஸ்கெலிட்டன், நரி, ஓநாய் எல்லாமே நிலத்தில் இருக்கும் ஆமைக்குஞ்சைத் தாக்கும். தண்ணீருக்குள் போய்விட்டால் அவை தொடமாட்டா. அதனால் சூரியன் ஏறி, கரையில் நிற்கும் ஜாம்பிகள் எரிந்து முடியும் வரை காத்திருந்து, கடல் பக்க வாசலைத் திறக்க வேண்டும். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர்.

பூனை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. கிராமத்தில் படுக்கைகள் சேர்ந்தால் அநாதைப் பூனைகளும் வரும். இந்தப் பூனைகள் ஆமைக்குஞ்சை வேட்டையாடும். குஞ்சைக் காக்க நாம் கட்டிய கிராமமே குஞ்சுக்கு எதிரியைக் கொண்டுவருகிறது. அதற்காகப் பூனையைக் கொல்லத் தேவையில்லை. பச்சை மீன் ஒன்றைக் கையில் பிடித்துக் குனிந்து மெதுவாகப் போய்க் கொடுங்கள். பழகிய பூனை குஞ்சைத் தொடாது. அப்புறம் அதே பூனை காவலுக்கும் ஆகும். வெடிக்கும் கிரீப்பர் பூனையைக் கண்டால் விலகி ஓடும், ஃபேன்டமும் பூனையிருக்கும் இடத்தில் 16 பிளாக் தூரத்துக்குள் இறங்காது. வேலியின் மூலைக்கு ஒரு பூனையை உட்கார வைத்துவிட்டால் தூக்கமில்லாத காவலர்களுக்கும் பாதுகாப்பு.

அடுத்தது விளக்கு. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆட்டமும் நம் கடற்கரையும் நேர் எதிராக இருப்பது இந்த ஒன்றில்தான்.

மைன்கிராஃப்டில் வெளிச்சம்தான் காவல். 2021 நவம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, வெளிச்சம் முற்றிலும் பூஜ்யமாக இருக்கும் இடத்தில்தான் ஜாம்பி மாதிரியானவை முளைக்கும். ஒரு டார்ச்சின் வெளிச்சம் 14, ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்று குறையும். ஆகவே பத்து பன்னிரண்டு பிளாக் இடைவெளியில் கரை முழுக்க டார்ச் நட்டால் மணலில் எதுவும் முளைக்காது. கடலிலிருந்து ஏறுவதையும் தூரத்தில் இருந்து வருவதையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆட்டத்து ஆமைகளுக்கு இந்த வெளிச்சத்தால் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஆனால் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலோ சொத்தவிளையிலோ ராஜாக்கமங்கலம் பக்கமோ, உண்மையான பங்குனி ஆமைக்குஞ்சு மணலை விட்டு வெளியே வரும்போது அது தேடுவது வெளிச்சமான பக்கத்தை. இருட்டில் கடல்தான் அடிவானத்தில் வெளுத்துத் தெரியும், அதை நோக்கித் தவழும். பின்னால் ஹைமாஸ்ட் விளக்கோ ரிசார்ட் விளக்கோ எரிந்தால் குஞ்சு ஊர்ப்பக்கம் திரும்பிவிடும். அப்புறம் நாய், ரோடு, வெயில். முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சம் கண்டால் பாதியிலேயே கடலுக்குத் திரும்பும். ஆட்டத்தில் பழகிய கை, நிஜத்தில் ஆமையைக் கண்டால் போன் டார்ச்சைத்தான் முதலில் அடிக்கும். இதை எங்களோடு ஆடும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஆட்டத்தில் டார்ச் போடு, கரையில் டார்ச்சை அணை. கண்டால் எட்டி நின்று, வனத்துறைக்குச் சொல். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. முட்டையை எடுப்பதும் குற்றம்.

மணல் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். நம் மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஊர்களைக் கடலரிப்பிலிருந்து காக்கக் கருங்கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் போட்ட இடங்கள் நிறைய. அந்தச் சுவர் வேண்டாம் என்று கரையில் வீடு உள்ள யாரிடமும் நான் சொல்லமாட்டேன், கடல் வீட்டுக்குள் ஏறுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் கல் இருக்கும் இடத்தில் ஆமை முட்டையிட முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் மணல் மிச்சம் இருக்கும் கரைகளுக்கு மதிப்பு கூடுகிறது. ஆட்டத்தில் இந்த இக்கட்டு நமக்கு இல்லை, இடம் தாராளம்.

கடைசியாக, கிராமத்தை எந்தப் பக்கம் வளர்ப்பது என்பதைப் பார்ப்போம். குஞ்சு எந்த இடத்தில் பொரிகிறதோ அதுவே அதன் சொந்தக் கரை ஆகிவிடும். நீங்கள் சில்க் டச்சால் கொண்டுவந்து வைத்த முட்டையாக இருந்தாலும் அப்படித்தான். இருபது நிமிடத்தில் வளர்ந்து, ஓர் ஓட்டுத்தகடு உதிர்க்கும். ஐந்து தகடு சேர்ந்தால் தண்ணீருக்குள் பத்து விநாடி கூடுதலாக மூச்சு தரும் தொப்பி செய்யலாம், டிரவுண்டோடு சண்டை போடுகிற தம்பிக்கு அதைக் கொடுங்கள். வளர்ந்த ஆமை முட்டையிட அதே வேலி இருக்கும் இடத்துக்குத்தான் திரும்பி வரும். வேலியை அகலமாக்க வேண்டியிருக்கும், கடல் பக்க வாசலையும் பெரிதாக்க வேண்டும். அதனால் இரண்டாவது தெரு, நூலகர் வீடு, புது வயல் எல்லாவற்றையும் உள்நிலம் பார்த்தே கட்டுங்கள். கரையில் ஒரு பிளாக் மணலைக்கூட எடுக்காதீர்கள். கண்ணாடி செய்ய மணல் வேண்டுமென்றால் பாலைவனத்துக்குப் போய் அள்ளி வாருங்கள்.

நூலகரிடம் சில்க் டச் புத்தகம் வரவைப்பது எப்படி, அவருடைய புத்தக மேசையை எடுத்து எடுத்து வைப்பது எப்படி என்பதை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். உங்கள் கூட்டாளிகள் மூன்று பேரை இப்போதே பிடித்து வையுங்கள்.