பன்றியெலி: 'பேண்டிகூட்' என்ற பெயரின் பயணம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில அகராதியில் 'பேண்டிகூட்' என்ற சொல்லைத் தேடினால், ஒரே பெயரின் கீழ் இரண்டு விலங்குகள் நிற்கும். ஒன்று, நம் சாக்கடையிலும் வயல் வரப்பிலும் வளை தோண்டும் பெருச்சாளி. மற்றொன்று, ஆஸ்திரேலியாவில் வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் ஒரு சிறு பிராணி.

சொல்லின் பிறப்பிடம் தெலுங்கு. அம்மொழியில் 'பந்தி' என்பது பன்றி, 'கொக்கு' என்பது எலி. பந்திக்கொக்கு என்றால் பன்றியெலி. வளையில் சிக்கி வழியற்றுப்போன பெருச்சாளி முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுவதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. நம் சொல்லில் முதலில் தெரிவது அதன் பருமன். தெலுங்கரோ அதன் குணத்தையும் பிடித்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1611-ஆம் ஆண்டிலேயே மசூலிப்பட்டினத்தில் வணிகம் தொடங்கிய ஆங்கிலேயருக்குத் தெலுங்குச் சொற்கள் புதியவை அல்ல. மூச்சுக்காற்றை அழுத்தி வெளிவிடாமல் நாம் ஒலிக்கும் 'ப'கரம், 'பம்பரம்' என்ற சொல்லின் இடையில் வரும் மெல்லொலியைப் போலவே ஆங்கிலச் செவிக்குக் கேட்கும். பந்தி 'பேண்டி'யானது அப்படித்தான் இருக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சொல் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றுவிட்டது. பின்னர் 1873-இல் விலங்கியலார் கிரே, பெருச்சாளிப் பேரினத்துக்கு 'பேண்டிகோட்டா' என்றே பெயரிட்டார்.

இதற்கிடையே ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர், நீண்ட மூக்கால் மண்ணைக் கிளறும் ஒரு பிராணியைக் கண்டு, இந்தியாவிலிருந்து வந்த அந்தப் பெயரையே அதற்கும் சூட்டினர். தோற்றத்தில் ஒற்றுமை உண்டே தவிர உறவு இல்லை. இரண்டின் மூதாதையரும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டனர். ஆஸ்திரேலியப் பிராணியின் பை பின்பக்கமாகத் திறப்பதால், தோண்டும்போது மண் குட்டியின் மேல் விழுவதில்லை.

ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் இப்பெயர் வினைச்சொல்லாகவும் வழங்குகிறது. மேலே செடி அசையாமல் நிற்க, அடியிலிருக்கும் உருளைக்கிழங்கை மட்டும் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுப்பதற்கு அங்கே 'பேண்டிகூட்' செய்தல் என்று பெயர். நெற்கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேர்த்து வைக்கும் பெருச்சாளியை அறிந்த நம் ஊர் விவசாயி, அந்த வினையைக் கேட்டால் பொருளைக் கேட்காமலேயே சொல்லிவிடுவார்.