வல்லவளுக்குப் புல்லும் ஆயுதம்

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஆலய வண்ணக்கர் ஐயா அவர்களே, அயலூர்ப் பள்ளிவாசல் தலைவர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, இழைத்த பாய்களை மடியில் வைத்தபடி முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பன் என்ற கோரை இனப் புல்லில் இழைக்கும் பன்பாயின் பழமை, அதன் விலை, பன் வளரும் நீர்நிலை ஆகிய மூன்றையும் பேச வந்தேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எங்கள் ஊரில் அந்த வல்லவன் பெண். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. ஆனாலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் அதே பன், அதே இழை.

1978 நவம்பர் 23 சூறாவளியை இங்குள்ள நரைத்த தலைகள் மறந்திருக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது. விடிந்தபோது கூரை இல்லை. முற்றத்தில் ஒரு தென்னை நிற்கவில்லை. அம்மம்மா கத்தியை எடுத்துக்கொண்டு குளக்கரைக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். தென்னையை முறித்த காற்றில் பன் சாய்ந்து கிடந்ததே தவிர, வேர் அசையவில்லை. இடுப்பளவு நீரில் நின்று, கிழங்கை விட்டு அறுத்தார். மழை விட்ட வெயிலில் பரப்பினார். பனி பட்டால் பன் கறுத்துவிடும் என்று பொழுது சாயுமுன் வாரச் சொல்வார். அது என் வேலை. பிறகு நீர் தெளித்துப் பதமாக்கி, இழைத்த பகுதியின் மேலேயே குந்தியிருந்து இழைத்துக்கொண்டே நகர்வார். முதற் பாய்க்கு வயற்சொந்தக்காரரான போடியார் வீட்டில் இரண்டு மரைக்கால் நெல் கிடைத்தது. அந்த நெல்லில்தான் எங்கள் வீட்டு உலை மறுபடி கொதித்தது. வல்லவளுக்குப் புல்லும் ஆயுதம்!

போன மாதம் அதே குளத்துக்குப் போனேன். பாதிக்கு மேல் மண் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். பன் நின்ற இடத்தில் முட்கம்பி வேலி. எஞ்சிய நீரை ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை மூடிக் கிடக்கிறது. பயிற்சி வகுப்பு, கடன், கண்காட்சி எல்லாம் நல்லவைதான். ஆனால் பன் வாங்க வேற்றூருக்கு பஸ் ஏறுகிறவளுக்குப் பாய் விற்ற காசில் என்ன மிஞ்சும்? புல்லே இல்லாத ஊரில் வல்லவள் எதைக் கையில் எடுப்பாள்?

பிரதேச செயலாளர் அவர்களே, குளத்தை அளந்து எல்லைக்கல் நட்டுத் தாருங்கள். மாரிக்கு முன்பே நட வேண்டும்; நீர் ஏறிவிட்டால் எது கரை, எது குளம் என்று தெரியாது. ஆற்றுவாழையை அள்ள நாங்கள் வருகிறோம். பன் கிழங்கு கொண்டுவந்து ஊன்ற இந்தத் தாய்மார்கள் சம்மதித்துவிட்டார்கள்.