மூன்றாம் வருஷத்தில் என்ன மிஞ்சும்?

நேயர்களுக்கு வணக்கம். புதிதாக ஏதாவது ஒரு கருவி வந்துவிட்டால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வாங்கலாமா, வேண்டாமா?" நான் உடனே பதில் சொல்வதில்லை. பதிலுக்கு ஒன்று கேட்பேன்: தயாரித்த கம்பெனி நாளைக்கே சர்வரை, அதாவது இணையம் வழியே அதற்குச் சேவை தரும் தன் கணினியை, நிறுத்திவிட்டால் இந்தப் பொருள் வேலை செய்யுமா?

இந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான கதைதான்.

அம்மாவுக்கு ஒரு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். யார் ஆப்பில் படம் அனுப்பினாலும் சில நிமிஷத்தில் அந்தச் சட்டத்தில் தெரியும். அம்மா காலையில் எழுந்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நேரே அதன் முன்னால் போய் நிற்பார். ராத்திரி யாராவது படம் அனுப்பியிருப்பார்களே!

இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் திரையில் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது. வைஃபையில் கோளாறு என்று நினைத்து ரௌட்டரை அணைத்துப் போட்டேன். சரியாகவில்லை. பின்பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்குமே, அதில் கொண்டை ஊசியை விட்டு அழுத்தி ரீசெட் செய்தேன். அவ்வளவுதான், உள்ளே இருந்த பழைய படங்களும் போய்விட்டன. முதலிலிருந்து தொடங்க லாகின் கேட்டது. லாகின் செய்யலாம் என்று போனால் அந்தச் சேவையே இல்லை. விளம்பர மின்னஞ்சல்களுக்கு நடுவே கிடந்த ஒரு கடிதத்தை அப்புறம்தான் பார்த்தேன்: சேவையை நிறுத்திவிட்டார்களாம்.

திரையில் ஒரு கீறல் இல்லை, எந்தப் பாகமும் பழுதில்லை. மெமரி கார்டு செருக ஓரிடம் இருந்திருந்தால் இன்றைக்கும் படம் காட்டும். அதை வைக்கவில்லை. அம்மா இன்னமும் அதைத் துடைத்து அதே மேஜையில்தான் வைத்திருக்கிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஹ்யூமேன் என்ற நிறுவனம் 2024 ஏப்ரலில் சட்டையில் குத்திக்கொள்ளும் 'ஏஐ பின்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு அதன் சர்வர்கள் நின்றன. ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சர்வர் போனால் பொருளும் போகுமா என்று முதலில் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை இயக்கிப் பார்க்க முடிந்தால், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது பேட்டரி. ஐபோன் 14 வரையிலான மாடல்களில், 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. தினமும் ஒரு முழுச் சார்ஜ் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை வருஷத்துக்குள் 500 ஆகிவிடும். போனென்றால் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். காதில் மாட்டும் வயரில்லா இயர்பட்ஸ் பலவற்றில் பேட்டரியைப் பசை வைத்து மூடிவிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்தால் பொருளே தீர்ந்தது. முதல் வாரத்து விமர்சன வீடியோக்களில் இதெல்லாம் தெரியாது. ஒரு வாரத்தில் எந்தப் பேட்டரி கிழடாகும்? நான் அந்த வீடியோக்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஆறு மாதம் பயன்படுத்தியவர் சொல்வதைத்தான் தேடிக் கேட்கிறேன்.

அப்டேட் எத்தனை வருஷம் வரும் என்பதையும் விசாரியுங்கள். 2023-இல் வந்த பிக்சல் 8 போனுக்கு ஏழு வருஷம் தருவதாக கூகுள் சொன்னது. அப்படி வெளிப்படையாகச் சொல்லாத கருவியை நான் தொடுவதில்லை.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. விலையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். முதல் ஐபோன் 2007 ஜூன் கடைசியில் விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே 200 டாலர் குறைத்துவிட்டார்கள். முன்பதிவு செய்யக் கை பரபரத்தால் மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.