ஆத்திசூடியின் எட்டாம் வரியும் ஒன்பதாம் வரியும்

(மும்பையில் தமிழாசிரியர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வகுப்பு உரையாடலை இணையத்தில் தொடர்வது பற்றிக் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஔவையாரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆத்திசூடியில் எட்டாவது வரி 'ஏற்பது இகழ்ச்சி'. ஒன்பதாவது 'ஐயமிட்டு உண்'. ராகம் போட்டு ஒப்பித்துவிட்டு நாமெல்லாம் தாண்டிப் போய்விட்டோம். தாராவியில் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன்: "பிச்சை எடுப்பது இழிவு என்கிறார். அடுத்த மூச்சிலேயே பிச்சை போட்டுவிட்டுச் சாப்பிடு என்கிறார். ரெண்டும் எப்படிச் சரியாகும்?" வழக்கமாகக் கை தூக்கும் மூன்று பேர் தூக்கினார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பதிலை நானே சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

இது என் வியாதி மட்டுமல்ல. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்றார். மூன்று நொடிக்கே அப்படியென்றால், மூன்று நாள் காத்திருந்தால்?

அதற்குத்தான் பேட்லெட் என்ற இணையப் பலகை. சுவரில் சீட்டு ஒட்டுவது போலத்தான் அது. இணைப்பை அனுப்பினால் போதும், பிள்ளைகள் கணக்குத் தொடங்க வேண்டாம். நான் பார்த்து அனுமதித்த பிறகே மற்றவர்களுக்குத் தெரியும்படி வைக்கலாம். முக்கியமாக, குரலிலேயே பதில் சொல்லலாம். நம் பிள்ளைகளில் பலர் ஆங்கில வழியிலோ மராத்தி வழியிலோ படிக்கிறவர்கள். காதில் தமிழ் நிறைய இருக்கிறது, கைக்கு வரவில்லை. எழுதத்தான் வேண்டும் என்றால் பாதிப் பேர் ஊமையாகிவிடுவார்கள்.

பதில்கள் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் வரும். அப்பா வேலை முடிந்து வந்தால்தானே வீட்டுக்குப் போன்!

முதல் வாரம் படுதோல்வி. சுவர் முழுக்க 'சூப்பர்', 'சூப்பர்'. நடுவில் ஒரு தகப்பனார் பிள்ளை பெயரில் செந்தமிழில் கட்டுரையே எழுதியிருந்தார், நல்ல கட்டுரைதான். அப்புறம் ஒரு விதி வைத்தேன்: இன்னொருவர் சொன்னதில் ஒரு சொல்லை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் உன் கருத்தைச் சொல்லலாம்.

அதன் பிறகு வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி கேட்டாள்: "ஸ்கூல்ல நான் பரிசு ஏற்றுக்கொண்டேனே, அது இகழ்ச்சியா?" எனக்குச் சுருக்கென்றது. ஏற்பது என்றால் இங்கே இரந்து வாங்குவது என்று நான் சொல்லியே தரவில்லை. 'பிச்சை' என்று நேரே தாவிவிட்டேன். ஒரு பையன் அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டான்: லோக்கல் ரயிலில் பார்வையில்லாத ஒருவர் பாடுகிறார், நாம் காசு கொடுக்கிறோம். அவர் ஏற்பது பிச்சையா, கூலியா? அதற்குக் கீழே நான்கு நாள் சண்டை. நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

கேள்விதான் உயிர். 'ஆத்திசூடியை எழுதியவர் யார்?' என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஒரே விடையை ஒட்டிவிட்டுப் போவார்கள்.

சில ஜாக்கிரதைகளும் உண்டு. இணைப்பை வாட்ஸ்அப்பில் பிள்ளைக்கே அனுப்பலாமென்றால், பிள்ளை தானாகக் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயதாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. ஆகவே பெற்றோரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுப்பெயர் வேண்டாம், படம் வேண்டாம். இன்னொன்று, இந்தக் கருவிகள் நிரந்தரமில்லை. உலகமெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய எட்மோடோ 2022இல் மூடப்பட்டது. நல்ல பதில்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

சரி, அந்தச் சண்டைக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பிள்ளை குரல் இல்லை. பேத்தி கேட்டுக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து கேட்ட பாட்டி, போனை வாங்கி அந்தப் பையனுக்கு நெல்லைத் தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மைக்கை இந்தப் போன் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள், போடுகிறேன்.