ஒபாமாவை வரைந்தவர் இந்தத் தலையை ஏன் வரைந்தார்?

வணக்கம், மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன்.

[திரையில்: முழு ஓவியம்]

ஒரு கறுப்பினப் பெண். நீண்ட கவுன். ஒரு கையில் கத்தி. மற்றக் கையில், முடியைப் பிடித்துத் தூக்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தலை. ஓவியத்தின் உயரம் பத்து அடி! 2012இல் இதைத் தீட்டியவர் அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி. 2018இல் இவர் வரைந்த ஒபாமாவின் உருவப்படம் திறக்கப்பட்டதும், சமூக ஊடகங்களில் பலர் இந்தப் பழைய ஓவியத்தைத் தோண்டியெடுத்துக் கொதித்தார்கள்.

ஓவியத்தில் நிற்பவள் விவிலியக் கதையில் வரும் யூதித்து. அந்தக் கதையை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். அசீரியத் தளபதி ஒலோபெரின் ஊரை முற்றுகையிடுகிறான். யூதித்து என்ற கைம்பெண் துக்க உடையைக் களைந்து, நகை பூட்டி, அவனுடைய கூடாரத்துக்குப் போகிறாள். குடித்துக் கிடந்தவனை அவனுடைய வாளாலேயே வெட்டுகிறாள். தலையை எதில் கொண்டுபோனாள்? சாப்பாட்டுப் பையில்! கத்தோலிக்க விவிலியத்தில் இந்தக் கதை உண்டு. மெதடிஸ்த நண்பர்களே, உங்கள் வேதாகமத்தில் தேடிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அந்த ஆணின் தலையைத்தான் வைலி பெண்ணின் தலையாக்கிவிட்டார். இதை இனவெறுப்பு என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஐரோப்பிய ஓவியத்தில் யூதித்தாக நூற்றாண்டுக் கணக்கில் நின்றவள் வெள்ளைப் பெண். அழகுக்கு அளவுகோலாகிப் போன அந்த முகம்தான் இங்கே அறுபடுகிறது.

[திரையில்: நான்கு கைக் காளியின் காலண்டர் படம்]

இனி எனக்குப் பிடித்த இடம். வெட்டிய தலையைக் கண்டதும் நமக்கு நினைவு வருவது யூதித்தா, காளியா? காளிதான்! அவளுடைய இடக் கைகளைப் பாருங்கள்: வாள், தலை. அந்தத் தலையை ஆணவம் என்று விளக்குவார்கள். இப்போது வலக் கைகள்: ஒன்று அஞ்சாதே என்கிறது, இன்னொன்று வரம் தருகிறது. தலையைக் கண்டு நடுங்கிய பக்தனுக்கு ஆறுதல் அதே படத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு வலக் கைகளையும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட வைலியின் ஓவியம் வந்துவிடும்! யூதித்துக்கு இரண்டே கைகள். இரண்டிலும் வேலை இருக்கிறது. நம்மைப் பார்த்து அஞ்சாதே என்று சொல்ல மிச்சக் கை இல்லை. பார்த்தவர்கள் பதறியதற்குக் காரணம் இரத்தம் அல்ல, இந்தக் குறைதான் என்பேன்.

நம் பக்கத்தில் கோபத்தை அப்படியே விட்டுவிட மாட்டோம். வைகாசியில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகிக்குச் சடங்கு வைத்தால், குளிர்த்தி பாடி அம்மனைத் தணித்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம். வைலி குளிர்த்தி பாடவில்லை. ஆனால் பின்னணியை நிறையப் பூக்களால் நிரப்பியிருக்கிறார். சில கொடிகள் பின்னணியை விட்டு அவளுக்கு முன்னாலேயே ஏறி வருகின்றன.

அவை அவளைத் தணிக்க வருகின்றனவா, அவளோடு சேர்ந்து புறப்படுகின்றனவா? நான் இரண்டாவது கட்சி. தணிக்க வந்த பூ இப்படி முண்டியடித்துக்கொண்டு முன்னால் வராது. முதல் கட்சிக்காரர்கள் கீழே பின்னூட்டத்தில் சண்டைக்கு வரலாம். சந்தாவை அழுத்திவிட்டு வந்தால் இன்னும் மகிழ்ச்சி.