கவுன்டரில் தெரியும் தலைமை: கான்டினென்டல் ஏர்லைன்ஸ் கதை

வணக்கம்.

தொழிற்சாலையில் ஒரு பொருள் பழுதாக வந்தால், கடைக்குப் போகும் முன்பே அதை ஒதுக்கிவிடலாம். சேவைத் தொழிலில் அதற்கு வழியில்லை. விமான நிலைய கவுன்டரில் நிற்கும் ஊழியர் பயணியிடம் எரிந்து விழுந்தால், விழுந்ததுதான். அந்த நேரத்தில் மேலாளர் பக்கத்தில் இருக்கவும் மாட்டார். ஆகவே, யாரும் பார்க்காதபோது ஊழியர் எப்படி வேலை செய்கிறார் என்பதில்தான் தலைமையின் தரம் தெரியும்.

இது ஆராய்ச்சியிலும் வந்த விஷயம். 1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவாவில், உளவியலாளர் கர்ட் லெவினும் அவரது சகாக்களும் சிறுவர்களைக் குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்யச் சொன்னார்கள். அதிகாரம் செய்யும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசி முடிவெடுத்த தலைவரின் குழு, அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது.

சரி, சம்பளம் வாங்கும் பெரியவர்களிடம் இது எப்படி இருக்கும்?

(திரையில்: ஹூஸ்டன், 1994)

கான்டினென்டல் ஏர்லைன்ஸ். ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அமெரிக்க விமான நிறுவனம். 1983, 1990 என்று இரண்டு முறை திவால் மனு போட்ட நிறுவனம். பத்து ஆண்டுகளில் பத்துத் தலைவர்கள் வந்து போயிருந்தார்கள். நேரத்துக்கு வருவது, பெட்டி தொலையாமல் வருவது, பயணிகளின் புகார் என எதை எடுத்தாலும் அமெரிக்காவின் பத்துப் பெரிய விமான நிறுவனங்களில் கடைசி வரிசையில் கிடந்தது.

ஊழியர்கள் மோசமானவர்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மேலிருந்து வந்த திட்டங்களைப் பாருங்கள். எரிபொருளை மிச்சப்படுத்தும் விமானிக்கு ஊக்கத்தொகை என்று ஒன்று இருந்தது. விமானிகள் வேகத்தைக் குறைத்தார்கள், ஏசியையும் குறைத்தார்கள். எரிபொருள் மிச்சமானது. பயணி வியர்த்துக் கொட்டி, தாமதமாக இறங்கி, அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். அவருடைய கோபத்தை வாங்கிக்கொண்டதோ கவுன்டரில் நின்றவர். சொந்தமாக எந்த முடிவும் எடுக்க விடாத தடித்த விதிப்புத்தகம் ஒன்று அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது. வேலை முடிந்து கடைக்குப் போகும்போது யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று, சீருடையிலிருந்த நிறுவனச் சின்னத்தைக் கிழித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. ஊக்கம் செத்துப்போவது என்பது இதுதான்.

1994இல் தலைமைக்கு வந்தவர் கார்டன் பெத்யூன். கடற்படையில் விமான மெக்கானிக்காக இருந்தவர், அப்புறம் போயிங்கில் வேலை பார்த்தவர். பூட்டிக் கிடந்த நிர்வாகிகள் தளத்தைத் திறந்துவிட்டார். விதிப்புத்தகத்தை வாகன நிறுத்துமிடத்தில் ஊழியர்கள் கண்முன்னே கொளுத்த வைத்தார். இனி கட்டாய விதிகள் இல்லை, வழிகாட்டிக் குறிப்புகள்தான்; அறிவைப் பயன்படுத்தி முடிவெடுங்கள் என்றார்.

பெத்யூன் மென்மையானவர் என்று எண்ணிவிட வேண்டாம். மூத்த நிர்வாகிகளில் பெரும்பாலோரை மாற்றினார். நஷ்டத்தில் ஓடிய வழித்தடங்களை வெட்டினார். ஆட்குறைப்பும் நடந்தது. அந்த முடிவுகளின் வலியை இந்த வெற்றிக் கதை மறைத்துவிடக் கூடாது.

(திரையில்: 65 டாலர் காசோலை)

1995 தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு. தாமதங்களால் மாதம் சுமார் 50 லட்சம் டாலர் வீணாகிறது. நேரம் தவறாமை பட்டியலில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால், அதில் பாதியை எல்லோருக்கும் பங்கிடுவோம். ஏறக்குறைய 40,000 பேர், தலைக்கு 65 டாலர். சம்பளத்தோடு சேர்த்தால் கண்ணில் படாது என்று தனிக் காசோலையாகவே கொடுத்தார்கள். பிப்ரவரியில் நான்காம் இடம். மார்ச்சில் முதலிடம். 1994இல் 60 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டிய நிறுவனம், 1995இல் 20 கோடிக்கு மேல் லாபம் பார்த்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். 40,000 பேருக்கும் ஒரே தொகை என்றால், நான் ஒருவன் சும்மா இருந்தாலும் எனக்கும் வருமே?

மார்க் நெஸ், டங்கன் சைமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். ஒரு விமானம் நேரத்துக்குக் கிளம்ப, பெட்டி ஏற்றுபவர், கதவருகே சீட்டு பார்ப்பவர், எரிபொருள் நிரப்புபவர், விமானி எல்லோரும் ஒத்துவர வேண்டும். ஒருவர் இழுத்தடித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். சின்னச் சின்னக் குழுக்களாக வேலை செய்ததால், சகாக்களே ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டார்கள். மேலாளரின் கண்காணிப்புக்கு இருந்த தேவை குறைந்தது.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. சில விமான நிலையங்களில் கான்டினென்டலின் தரைவேலைகளை வெளி நிறுவன ஆட்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த 65 டாலர் கிடையாது. சொந்த ஊழியர்கள் இருந்த இடங்களில் நேரம் தவறாமை கூடிய அளவுக்கு அங்கே கூடவில்லை.

ஹோட்டலோ மருத்துவமனையோ கால்சென்டரோ நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். வாடிக்கையாளரை முதலில் சந்திக்கும் செக்யூரிட்டியும், அறையைச் சுத்தம் செய்பவரும், தொலைபேசியை எடுப்பவரும் பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். கூட்டங்களுக்கு அவர்களை அழைப்பதில்லை, போனஸ் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை, சின்ன முடிவுகூட அவர்கள் கையில் இல்லை. தலைமைப் பாணியை மாற்றப் போகிறவர் அந்தப் பட்டியலை முதலில் எடுத்துப் பார்க்கட்டும்.